நாற்பதடிச் சுவரும் இரண்டு அயல்நாடுகளும்

கொத்தனார் தர வேண்டிய பாக்கி நாற்பத்து மூவாயிரத்து எழுநூற்று இருபது ரூபாய். அதை வசூல் பண்ணாமல் மத்தியானச் சோற்றுக்கு வீட்டுப் படி ஏற வேண்டாம் என்று வீட்டம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், சிமெண்டுக் கடைக்காரர் காலையிலேயே கொத்தனார் வீட்டு வாசலில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

வீட்டம்மா சொன்னதில் தப்பில்லை. மாதக் கடைசிக்குள் பழைய கணக்கைத் தீர்க்காவிட்டால் லாரி வராது என்று சிமெண்டுக் கம்பெனி ஏஜெண்டு கறாராகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். லாரி வராவிட்டால் கடையில் மிஞ்சுவது ஆணியும் வெள்ளையடிக்கிற பிரஷும்தான். ஆணி விற்று ஒரு குடும்பம் பிழைத்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

கடைக்காரருக்குத் தெருவில் ‘அவசரம்’ என்று பெயர். எதிரில் நிற்பவர் பாதி பேசும்போதே மீதியை இவர் பேசி முடித்துவிடுவார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த ஆளிடம் பல் டாக்டர் விலாசம் கொடுத்து அனுப்பியவர். அந்த ஆளும் பாவம், போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டுதான் திரும்பினார்.

"கொத்தனாரே, என் பணம்?"

கொத்தனார் கழுவிக்கொண்டிருந்த கரணையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். "நான் என்ன ஏமாத்துறவனா முதலாளி? அந்த வெளிநாட்டு உதவி ஆபீசுல இருந்து பணம் வரணும். மனு குடுத்துட்டு மூணு மாசமா நடையா நடக்கறேன். வந்தா முதல் வேலையா உங்களுக்குத்தான். ஏன்னா அந்த ஆபீசுக்கு நான்..."

"புரிஞ்சுது, புரிஞ்சுது!"

கடைக்காரருக்கு நிஜமாகவே எல்லாம் புரிந்துவிட்டது. நேற்று ஆணி மடித்துக் கொடுத்த பேப்பரில் அந்த விளம்பரத்தை அவரே பார்த்திருந்தார். அண்டை நாடுகளோடு ஒத்துழைப்பை வளர்க்கிற வேலைகளுக்கு அரசாங்கம் நிதி கொடுக்கிறதாம். வெளிநாட்டு உதவி ஆபீசில் விண்ணப்பிக்க வேண்டுமாம்.

"கமுக்கமா இருந்துக்கிட்டு எம்மாம் பெரிய இடத்துல கை வெச்சிருக்கே! இது உனக்கு எப்படிய்யா தெரிஞ்சுது?"

"அங்கதானே முதலாளி வேலை..."

"வேலை கிடக்கட்டும். மனுவில என்ன எழுதினே?"

"எனக்கு எழுத வராதுங்க. ஆபீஸ் வாசல்ல உட்கார்ந்திருக்கிறவரு ஒரு தாள்ல எழுதிக் குடுத்தாரு."

"ஒரே தாளா?" கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "ஒத்தைத் தாளைக் குடுத்துட்டு கவர்மெண்டுகிட்டப் பணம் கேட்டா எவன் குடுப்பான்? அதான் மூணு மாசமா இழுக்குது. சட்டையை மாட்டு. நான் பார்த்துக்கறேன்."

கொத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது. பாக்கி கேட்டு வந்த மனுஷன் பணம் வாங்கித் தரக் கிளம்புகிறாரே என்று நினைத்தார். கூலி வேலை செய்கிறவனுக்காக ஆபீஸ் ஏறிப் பேச எவன் வருகிறான்? மாற்றுச் சட்டையாக இருந்த ஒன்றைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.

பஸ் நிறுத்தத்தை ஒட்டின ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் தட்டுகிற அக்கா ஒருத்தி இருந்தாள். ஊரில் எந்த விண்ணப்பமும் அவள் விரல் படாமல் ஆபீஸ் போனதில்லை. படிவத்தைத் திறந்தாள். அது ஓடியது, ஓடியது, முடிகிற வழியாகத் தெரியவில்லை.

"திட்டத்தோட பேரு என்னண்ணே?"

கடைக்காரர் கொத்தனாரைப் பார்த்தார். "என்ன வேலைன்னு கேக்கறாங்க, சொல்லு."

"சுவருங்க. நாற்பதடி. பூச்சும் சேர்த்து."

அக்காவின் விரல் நின்றது. "நாடுகளுக்கு நடுவுல ஒத்துழைப்பு வளர்க்கறதுக்குச் சுவரா?"

கடைக்காரருக்கும் கொஞ்சம் இடித்தது. ஆனால் சமாளிக்கத் தெரியாதவர் கடை நடத்த முடியாது. "சேர்ந்து கட்டுற சுவரும்மா! இந்த நாட்டுக் கொத்தனாரும் அந்த நாட்டுக் கொத்தனாரும் சேர்ந்து கட்டுவாங்க. ஈரம் ஏறாம எப்படிக் கட்டுறதுன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குவாங்க. எழுதிக்கோ."

கொத்தனார் மெல்லச் சொன்னார்: "நான் தனியாத்தான் முதலாளி கட்டினேன். கலவை போட ஒரு அம்மா வந்தாங்க."

"நீ சும்மா இரு. அந்தம்மாவையும் சேர்த்துக்கலாம், பெண்கள் பங்குன்னு ஒரு கட்டம் இருக்கு."

"எவ்வளவு தொகை கேக்கறீங்க?" என்றாள் அக்கா.

இதற்கு மட்டும் கொத்தனார் தடுமாறவில்லை. "சிமெண்டு நாற்பத்து மூவாயிரத்து எழுநூத்து இருபது. கூலி பதினெட்டாயிரம்."

அக்கா சிரித்தாள். "இருபது லட்சத்துக்குக் கம்மியாக் கேட்டா இந்தப் படிவம் எடுத்துக்காதுங்க."

"அப்ப இருபது லட்சம்னே போடு!"

கொத்தனார் அலறிவிட்டார். "ஐயோ, அவ்வளவு வேலை நான் செய்யலையே முதலாளி!"

"இனிமே செய்வே."

இருபது லட்சம் என்ற சொல் கடைக்காரர் காதுக்குள் போய்ப் பாய் விரித்துப் படுத்துக்கொண்டது. நாற்பத்து மூவாயிரம் வசூலிக்க வந்தோம் என்பதே அதன் பிறகு அவருக்கு மறந்து போனது.

ஆனால் படிவம் லேசுப்பட்டதில்லை. தனி ஆளுக்குப் பணம் தரமாட்டார்களாம், பதிவு பண்ணின சங்கம் வேண்டுமாம். சங்கத்துக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் வேண்டுமாம். கொத்தனார் செயலாளர் ஆனார். வங்கியில் காசு வைத்திருக்கிறவர்தான் பொருளாளராக வேண்டும் என்பதால் கடைக்காரர் அதை ஏற்றார். தலைவர் பதவி பாக்கி நின்றது.

அன்று மாலை வீட்டில் வீட்டம்மா துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "பணம் வந்துச்சா?"

"வரும். அதுக்கு முன்னாடி நீ ஒரு கையெழுத்துப் போடணும். உன்னைத் தலைவி ஆக்கியிருக்கேன்."

"எதுக்கு?"

"அண்டை நாடுகளின் கொத்தனார் நல்லுறவுச் சங்கத்துக்கு."

மடித்த துணி கையிலிருந்து விழுந்தது. "பாக்கி வாங்கிட்டு வான்னு அனுப்பினா பதவி வாங்கிட்டு வந்து நிக்கறீங்களே! அந்த மனுஷன் என்ன சொன்னாருன்னு முழுசாக் கேட்டீங்களா?"

"கேட்காம என்ன? அவன் ஆரம்பிக்கும்போதே எனக்குப் புரிஞ்சுடுச்சு."

"அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றாள் வீட்டம்மா. இருந்தாலும் கையெழுத்துப் போட்டாள். வீட்டில் தலைவியாக இருந்து பழகியவளுக்கு அது ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை.

அடுத்த சிக்கல் அயல்நாடு. குறைந்தது இரண்டு அயல்நாடுகளில் பங்காளி அமைப்புகள் இருக்க வேண்டும் என்று படிவம் அடம் பிடித்தது. கடைக்காரர் கொஞ்சமும் கலங்கவில்லை. வீட்டம்மாவின் தம்பி பக்கத்து நாட்டில் ஒரு கிடங்கில் பெட்டி எண்ணுகிற வேலையில் இருந்தான். உடனே போன் போட்டார்.

"மச்சான், உன்னை அந்த நாட்டுக்கு அமைப்பாளராப் போட்டிருக்கேன்."

"மாமா, எனக்கு இங்க விசாவே இன்னும் நாலு மாசந்தான் இருக்கு!"

"அது போதும். இன்னொரு நாடும் வேணும். அங்க யாராவது இருக்காங்களா?"

"என் ரூம்ல கீழ்க்கட்டில்காரன் வேற நாட்டு ஆளு, சமையல் வேலை. ஆனா அவன் பேசறது எனக்கும் புரியாது, நான் பேசறது அவனுக்கும் புரியாது. எதுக்கும் தலையை மட்டும் ஆட்டுவான்."

"ஒத்துழைக்கிறவன்னா அப்படித்தான் இருக்கணும். அவனையும் எழுதிக்கறேன்."

"அமைப்பாளருக்குச் சம்பளம் என்ன மாமா?" என்றான் மச்சான். கடைக்காரர் சிக்னல் கிடைக்காத மாதிரி போனை வைத்தார்.

வேலை மளமளவென்று நடந்தது. நடக்க நடக்கக் காசு கரைந்தது. பதிவுக்கு ஒரு கட்டணம். பதிவு சீக்கிரம் ஆக இன்னொரு கட்டணம். ரப்பர் முத்திரை. சங்கத்துக்கு அலுவலகம் இருக்கிறதா என்று பார்க்க ஆள் வருவார் என்றதும், சிமெண்டு மூட்டை அடுக்குகிற அறையைக் காலி பண்ணி வெள்ளையடித்து மேஜை போட்டார். மூட்டைகளை முற்றத்தில் இறக்கினார். அன்றைக்கென்று பார்த்து மழை. பதினோரு மூட்டை கல்லாகிப் போனது. வருகிறேன் என்ற ஆள் வரவே இல்லை.

இத்தனைக்கும் காசு எங்கிருந்து? கம்பெனிக்குக் கட்ட எடுத்து வைத்திருந்ததிலிருந்துதான். மாதக் கடைசி வந்தது, போனது. சொன்ன சொல் தவறாத ஏஜெண்டு லாரியை நிறுத்தினான்.

"ஒரு மூட்டை சிமெண்டு" என்று வந்தவர்களிடம் கடைக்காரர், "வெளிநாட்டுல இருந்து வரணும்" என்று சொல்லத் தொடங்கினார். அவர்கள் எதிர்க்கடைக்குப் போனார்கள்.

கொத்தனார் பாடுதான் திண்டாட்டம். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது அவருக்கு. அன்றாட வேலையை விட்டுவிட்டுக் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வந்தார். காட்டிய இடத்திலெல்லாம், இந்த வயதில் புதிதாகப் பழகிய தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக மூச்சுப் பிடித்துக்கொண்டு எழுதினார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"முதலாளி, கோவிச்சுக்காதீங்க. ஒரு சுவருக்கு உங்க மச்சான் கையெழுத்து எதுக்கு?"

"சட்டம்யா."

"அந்தச் சமையல்காரர் கையெழுத்து?"

"அதுவும் சட்டந்தான்."

"போன தடவை பள்ளிக்கூடத்துச் சுவர் கட்டினப்ப இப்படியெல்லாம் கேட்கலைங்களே."

"அது உள்நாட்டுச் சுவர்!" என்றார் கடைக்காரர். கொத்தனார் அதை யோசித்துப் பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை. படித்தவர்கள் சமாச்சாரம் என்று விட்டுவிட்டார்.

கடைசியாக நேர்காணலுக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. வெளிநாட்டு உதவி ஆபீஸ் வாசலில் கடைக்காரர் புதுச் சட்டை உறுத்த இறங்கியபோது, காவலாளி கொத்தனாரைப் பார்த்து, "வாங்க வாங்க! சாப்பிட்டாச்சா?" என்று கேட்டான். உள்ளே போகிற வழியில் பெருக்குகிற அம்மா, "பையன் காய்ச்சல் எப்படி இருக்கு?" என்றாள். கடைக்காரர் அசந்து போனார். ஆள் இந்த ஆபீசுக்குள் இவ்வளவு செல்வாக்கு வைத்துக்கொண்டா ஒற்றைத் தாளோடு அலைந்தான்? தன் கை பட்டதும் காரியம் பெரிதாகிவிட்டது என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

கொத்தனார் கீழ்த்தளத்திலேயே நின்று, "முதலாளி, இங்கதான் கணக்குப் பிரிவு. இங்க கேட்டா..." என்றார்.

"கீழ இருக்கிறவங்ககிட்ட என்னய்யா பேச்சு? மேல வா!"

மேலே அதிகாரி அம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக் கோப்பைப் புரட்டினார். "ஒத்துழைப்புக்குச் சுவர் என்பது புதுமையா இருக்கு. சுவர் எந்த இடத்துல?"

"அந்த..." என்று கொத்தனார் கையைத் தூக்கினார்.

"எல்லையிலதான் மேடம்!" என்றார் கடைக்காரர், தூக்கிய கையைப் பிடித்து இறக்கியபடி.

அதிகாரி அம்மா சங்கடமாகப் பார்த்துவிட்டு, அயல்நாட்டுப் பங்காளிகளோடு வீடியோவில் பேச வேண்டும் என்றார். திரையில் மச்சான் தோன்றினான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அவனுக்குக் கீழே, கட்டிலின் கீழ்த்தட்டில், சமையல்காரன் உட்கார்ந்திருந்தான்.

"உங்க நாட்டுல இந்தத் திட்டத்துக்கு என்ன தேவை இருக்கு?"

"தேவை நிறைய இருக்குங்க மேடம்" என்றான் மச்சான். "முக்கியமாச் சம்பளம் பேசணும்."

கடைக்காரர் இருமினார். அதிகாரி அம்மா அடுத்த நாட்டுக்குப் போனார். "உங்க அமைப்புல எத்தனை பேர்?"

சமையல்காரன் தலையை ஆட்டினான்.

"பெண்கள் இருக்காங்களா?"

தலையை ஆட்டினான்.

"இந்தத் திட்டம் தோத்துப் போக வாய்ப்பு இருக்கா?"

முன்னை விடப் பலமாக ஆட்டினான். அதற்குள் அவனுக்குப் பின்னால் அடுப்பில் எதுவோ தீய்ந்து அறை முழுக்கப் புகை எழும்ப, மச்சான் மேல்கட்டிலிலிருந்து குதித்தான். வெள்ளைச் சட்டைக்குக் கீழே அவன் துண்டுதான் கட்டியிருந்தான் என்பது அப்போது எல்லாருக்கும் தெரிந்தது. இரண்டு நாடுகளும் சேர்ந்து ஒரு வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றின. திரை அணைந்தது.

"பார்த்தீங்களா மேடம், என்ன ஒத்துழைப்பு!" என்றார் கடைக்காரர்.

அதிகாரி அம்மா எதையோ எழுதிக்கொண்டார். பிறகு கொத்தனார் பக்கம் திரும்பினார். "நீங்க செயலாளர். பணம் வந்தா முதல்ல எதுக்குச் செலவு பண்ணுவீங்க?"

கொத்தனாருக்குப் பொய் வராது. "முதலாளிக்குத்தாங்க. நாற்பத்து மூவாயிரத்து எழுநூத்து இருபது தரணும்."

அதிகாரி அம்மா பேனாவை மூடி வைத்தார். "செயலாளர் பொருளாளருக்குக் கடன்காரரா? அரசாங்கப் பணத்துல சொந்தக் கடன் அடைக்கவா சங்கம்? இது நடக்காது. கோப்பை மூடறேன்."

இருபது லட்சம் எழுந்து பாயைச் சுருட்டுகிற சத்தம் கடைக்காரருக்குக் கேட்டது. போட்ட காசு, கல்லான மூட்டை, நின்று போன லாரி, வீட்டம்மாவின் முகம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"மேடம், மேடம்! கடனா? கடனே கிடையாது! அது சும்மா ஒரு பேச்சுக்கு..."

"அப்ப எழுதிக் கொடுங்க. கொத்தனார் உங்களுக்கு ஒரு பைசா தர வேண்டியதில்லைன்னு. மூணு பிரதி. ஒண்ணு எனக்கு, ஒண்ணு சங்கத்துக்கு, ஒண்ணு கீழ கணக்குப் பிரிவுக்கு."

கொத்தனார் பதறினார். "வேண்டாம் முதலாளி! வாங்கின கடன் கடன்தான். நான் தந்துடறேன். கீழ போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"நீ வாயை மூடுய்யா! நாலு காசு வர்ற நேரத்துல நேர்மை பேசிக்கிட்டு."

கடைக்காரர் மூன்று பிரதியிலும் எழுதினார். அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டார். புது முத்திரையை எடுத்து, அதற்கென்று செலவழித்ததுக்கு ஈடாக, ஒவ்வொன்றிலும் இரண்டு தடவை குத்தினார்.

முடிவு சொல்ல அழைத்த நாளில் வீட்டம்மாவும் கூட வந்தாள். தலைவி ஆயிற்றே. போகிற வழியெல்லாம் அவள் கல்லாகிப் போன மூட்டைகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். அது கடைக்காரருக்குப் பேச்சை விடப் பயமாக இருந்தது.

அதிகாரி அம்மா வளைத்துப் பேசவில்லை. "மன்னிக்கணும். உங்க இரண்டு அயல்நாடுகளும் ஒரே கட்டில்ல மேலயும் கீழயும் இருக்கு. அதைப் பிராந்திய ஒத்துழைப்புன்னு குழு ஏத்துக்கல. விண்ணப்பம் தள்ளுபடி."

கடைக்காரர் படியிறங்கினார். ஒவ்வொரு படியிலும் ஒரு லட்சம் கழன்று விழுகிற மாதிரி இருந்தது. தரைக்கு வந்தபோது கையில் எதுவும் மிச்சமில்லை. நடு வழியில் நின்று, வேர்த்து, பேந்தப் பேந்த விழித்தார்.

"என்னங்க" என்றாள் வீட்டம்மா. இத்தனை நாளில் முதல்தடவையாகக் குரல் இளகியிருந்தது. "போனது போகட்டும். இருபது லட்சம் நமக்கு என்னைக்கு இருந்துச்சு? கொத்தனார் பாக்கியை வாங்கினா கம்பெனிக்குக் கொஞ்சம் கட்டலாம். லாரி வரும்."

"பாக்கி..." என்றார் கடைக்காரர். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாக்கியத்தை அவரால் முடிக்க முடியவில்லை.

"எப்படியாவது தந்துடறேம்மா" என்றார் கொத்தனார், கடைக்காரர் முகத்தைப் பார்க்க முடியாமல். "எழுதிக் குடுத்தா என்ன, வாங்கினவன் எனக்குத் தெரியாதா? இன்னைக்கு இல்லாட்டியும் கூலி வேலை செஞ்சு கொஞ்சம் கொஞ்சமா..."

அந்த நேரத்தில் கணக்குப் பிரிவு ஜன்னலுக்குப் பின்னாலிருந்து கேஷியர் தலையை நீட்டி, முகமெல்லாம் சிரிப்பாகக் கூப்பிட்டார்:

"கொத்தனாரே, நம்ம ஆபீஸ் காம்பவுண்டுச் சுவர் கட்டின பில் பாஸாயிடுச்சு, வந்து கூலியை வாங்கிக்குங்க, சிமெண்டுக்கான நாற்பத்து மூவாயிரத்து எழுநூத்து இருபதும் தயாராத்தான் இருந்துச்சு, ஆனா பாக்கியே இல்லைன்னு கடைக்காரரே ரெண்டு முத்திரை குத்தி எழுதிக் குடுத்துட்டாராமே, அதனால அதை வெட்டிட்டோம்!"